மண்டியிட்டவர்களுக்குக் குரல் கொடுத்த நாள்

மைக் அறைக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். செருப்பு கீச்சிடும், அவ்வளவுதான். வளையல், சாவிக்கொத்து, மொடமொடக்கும் புடவை, பசித்த வயிறு எல்லாமே மைக்குக்குக் கேட்கும். இதையெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். வாயசைவுக்கு வார்த்தையை எப்படிப் பொருத்துவது, மூச்சை எந்த இடத்தில் திருட்டுத்தனமாக எடுப்பது என்பதும் ஆறு மாதத்தில் கைவந்துவிடும். அதைச் சொல்ல நான் வரவில்லை.

இருபத்தெட்டு வருஷம் டப்பிங் இன்சார்ஜாக வேலை பார்த்தேன். வேற்று மொழிப் படம் தமிழ் பேசும்போது எந்த முகத்துக்கு யார் குரல், எந்த டேக் போதும், எது போதாது என்று முடிவு செய்கிற வேலை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் நிற்பவரைப் படுத்தி எடுக்கிற வேலை என்றும் சொல்லலாம். கத்துவதில் எனக்குப் பெயர் உண்டு. போன வருஷம் ஓய்வு பெற்று ராஜா அண்ணாமலைபுரத்தில் வீட்டோடு இருக்கிறேன். கத்துவதற்கு ஆள் இல்லாமல் தொண்டை நன்றாகத் தேறியிருக்கிறது.

டப்பிங் கற்க வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் கேட்டார், இத்தனை வருஷத்தில் மறக்க முடியாத நாள் எது என்று. ஏதாவது பெரிய நடிகர் கதையை எதிர்பார்த்திருப்பார். எனக்கு நினைவுக்கு வந்ததோ, நானூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் ஒரு அரசர் முன் மண்டியிட்ட சில பிரபுக்கள். அவர்கள் தி.நகரில், ஆடித் தள்ளுபடி நேரத்தில், ஒரு மதியம் தமிழ் பேசினார்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் ஒரு கறாரான மனிதர். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் அவருக்குப் பிடிக்காது. எந்தக் காட்சியையும் முதல் தடவை சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஒரே சட்டம். அதிலும் முகத்தைப் பார்க்கக் கூடாது, கையைப் பார்க்க வேண்டும். முகம் நடிக்கப் பழகியது, கை அவ்வளவாகப் பழகவில்லை என்பார். இருபது வருஷத்துக்கு மேல் நான் அதைத் தவறாமல் செய்தேன். பிறகு வேலை குவிந்தது, நேரம் குறைந்தது, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்ற எண்ணமும் வந்தது. அந்த மதியம் நான் அதைச் செய்யவில்லை.

எங்கள் ஸ்டுடியோ உஸ்மான் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாம் மாடியில் இருந்தது. மும்பையில் இருந்த ஒரு சேனலுக்காக ஐரோப்பிய வரலாற்றுத் தொடர் ஒன்றைத் தமிழில் செய்துகொண்டிருந்தோம். நடிகர்களை வைத்து, அந்தக் கால உடை போட்டு எடுத்த தொடர். முக்கியப் பாத்திரங்களுக்கு வரதன் சார். மயிலாப்பூர் மாட வீதிக்காரர், கையில் எப்போதும் ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர். முப்பது வருஷமாகத் தமிழ்நாட்டில் பேசிய வெளிநாட்டு ராஜாக்களில் பாதிப்பேர் அவர்தான். ஒலிப்பதிவு அன்வர் பாய். வீட்டில் உருது, வெளியில் சுத்தமான சென்னைத் தமிழ். அவருடைய காதுக்குத் தப்பி ஒரு கொசு கூடப் பறக்க முடியாது.

பிறகு, கும்பல். சபை முணுமுணுப்பு, சந்தை இரைச்சல், போர்க்களக் கூச்சல் எல்லாம் இவர்கள்தான். ஆறு பேர், நாலு ஆண், இரண்டு பெண். ஒரே மைக்கைச் சுற்றி அரைவட்டமாக நின்று அறுநூறு பேராக மாறுவார்கள். படத்தின் முடிவில் அவர்கள் பெயர் வராது, வந்ததே கிடையாது. அந்த ஆறு பேருக்குத் துரை என்பவர்தான் தலைவர் மாதிரி. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர். வெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் குடியிருப்பையே எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளில் வைத்துவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஒரு நாளும் தாமதமானதில்லை.

அதற்கு முந்தின வாரம் சேனலிலிருந்து போன் வந்திருந்தது. இனிமேல் கும்பலுக்கு ஆள் வேண்டாம், முக்கியக் குரலையே கம்ப்யூட்டர் நூறாகப் பெருக்கிக் கொடுத்துவிடும் என்றார்கள். கையில் இருக்கிற எபிசோடோடு சரி. இதைச் சொல்கிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொன்னேன். ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர்களுக்கு வேறு பிழைப்பு கிடையாது, அது எனக்கும் தெரியும். துரை மட்டும், "இந்த எபிசோடு கீதுல்ல மேடம்? அத்த நல்லா செஞ்சி குடுத்துட்டுப் போறோம்" என்றார். அந்த எபிசோடைத்தான் அன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டியிருந்தது.

அதில் இரண்டு நாடுகள் ஒன்றாகின்றன. போலந்தும் லித்துவேனியாவும். பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஏறக்குறைய இருநூறு வருஷமாகவே இரண்டுக்கும் ராஜ குடும்பம் ஒன்றுதான். ஆனால் சபை வேறு, சட்டம் வேறு, கஜானா வேறு. அப்போதிருந்த அரசருக்குப் பிள்ளை இல்லை. அவர் போய்விட்டால் இரண்டையும் கட்டியிருக்கிற கயிறு அறுந்துவிடும். கிழக்கே மாஸ்கோ படைகளோடு நிற்கிறது. ஆகவே இரண்டையும் நிரந்தரமாக ஒன்றாக்கிவிடலாம் என்று லூப்ளின் என்ற ஊரில் சபை கூடுகிறது.

லித்துவேனியப் பிரபுக்களுக்கு இது பிடிக்கவில்லை. சேருவது சரி, கரைந்துபோவது எப்படி என்ற பயம். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் சபையை விட்டே கிளம்பிப் போய்விடுகிறார்கள். அரசர் என்ன செய்தார் தெரியுமா? அவர்களுடைய தெற்கு மாகாணங்களை ஒவ்வொன்றாக வெட்டி, இனி இது போலந்தோடு சேர்ந்தது என்று ஆணை போட்டார். ஏறக்குறைய பாதி நாடு போய்விட்டது. வேறு வழியில்லாமல் திரும்பி வருகிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் அவர்கள் சார்பில் ஒருவர் பேசுகிறார். பேசி முடித்து மண்டியிடுகிறார். கூட வந்தவர்கள் அத்தனை பேரும் மண்டியிடுகிறார்கள். நாடு முழுவதையும் தோளில் சுமந்துகொண்டு பெரிய மனிதர்கள் ஒரு கூட்டமாக முழங்காலில் நிற்கிற காட்சி.

மும்பையிலிருந்து வந்த குறிப்பில் 'கண்ணீருடன் மண்டியிடுகிறார்கள்' என்று இருந்தது. கண்ணீர் என்றால் எங்கள் தொழிலில் அழுகை. வரதன் சாரிடம் அழச் சொன்னேன். அவர் அழுதால் கல் கரையும். எங்கள் பிள்ளைகள் நாளைக்கு எங்களைப் பார்த்து இதையா விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்காதபடி செய்யுங்கள் என்ற வசனத்தை விம்மி விம்மிச் சொன்னார். ஒரே டேக். சபாஷ் என்றேன். பாய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அதையும் அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

அடுத்தது கும்பல். மண்டியிடுகிறவர்களின் ஓலம். நன்றாக வாய்விட்டு அழுங்கள் என்று சொல்லிக் கையைக் காட்டினேன். ஐந்து பேர் ஆரம்பித்தார்கள். துரை வாயே திறக்கவில்லை. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் அவர் சும்மா நின்றார். மணி இரண்டரை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. கடைசி நாள் என்பதால் ஒத்துழைக்காமல் இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டேன். மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அந்த வார்த்தையை இன்றைக்கும் என்னால் திரும்ப வாங்க முடியவில்லை.

துரை கோபப்படவில்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அவங்க அழுவ மாட்டாங்க மேடம். கண்ணுல தண்ணி வரும், அது வேற. கொரல்ல வரக் கூடாது. அழுவுறவனுக்குத் தண்ணி குடுப்பாங்க. கேட்டத குடுக்க மாட்டாங்க."

உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். குரல் இறங்கித்தான் கேட்டேன். அவர் சுருக்கமாகச் சொன்னார். குடியிருப்பைக் காலி செய்த அன்று ஷாமியானா போட்டு, மேசை போட்டு, அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் சார்பில் நீ பேசு, உனக்குத்தான் குரல் இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் இவரை முன்னால் தள்ளிவிட்டிருக்கிறார்கள். போகமாட்டோம் என்று சொல்கிற கட்டம் தாண்டிவிட்டது. இவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"ஒம்போது ஊடும் ஒரே சொவுரு மேடம். இந்தப் பக்கம் தாளிச்சா அந்தப் பக்கம் தும்முவாங்க. ஒரே மாடில போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். அழுதுக்கினு கேக்கல. கை நடுங்குனா கையெழுத்து கோணிக்கும்னு கெட்டியா புடிச்சிக்கினு கேட்டேன். சரின்னாங்க. இப்போ ஒம்போது பேரும் ஒம்போது பிளாக்குல கீறோம்."

பாயிடம் காட்சியைச் சத்தமில்லாமல் போடச் சொன்னேன். காலையிலேயே செய்திருக்க வேண்டியது.

கைகளைப் பார்த்தேன். மண்டியிட்ட அந்தப் பிரபுவின் கையில் தொப்பி. அது அசையவே இல்லை. கன்னத்தில் ஈரம் வழிகிறது, ஆனால் வாய் கோணவில்லை, தோள் குலுங்கவில்லை. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி வைக்கிறார். பின்னால் இருப்பவர்களும் அப்படித்தான், அசையாத கைகள். எதிரே உட்கார்ந்திருக்கும் போலந்துக்காரர்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். எங்கோ ஐரோப்பாவில் அந்த நடிகருக்கு யாரோ இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அடையாற்றங்கரையில் துரைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டும் ஒன்றாக இருந்தது. நான் இதுவரை கோயிலில் கூட அப்படிக் கைகூப்பத் தோன்றி உட்கார்ந்ததில்லை.

இப்போது முடிவு என் கையில். வரதன் சாரின் டேக் நன்றாகவே இருந்தது. அனுப்பினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மாற்ற வேண்டும் என்றால், முப்பது வருஷக் குரலை நிறுத்திவிட்டு, முழு வசனம் ஒன்றுகூடப் பேசாத ஒருவரை மைக் முன் நிறுத்த வேண்டும். சொதப்பினால் ஆறு மணி போய்விடும், சேனலும் போய்விடும். கும்பல் ஆட்களுக்குக் கடைசி நாளே கெட்ட பெயராக முடியும். ஆனாலும் சொல்லிவிட்டேன். பிரபுவுக்குத் துரை பேசட்டும், அரசருக்கு நீங்கள் பேசுங்கள் சார் என்றேன்.

வரதன் சார் ஃபிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். அந்த ஒரு வாய் எனக்கு ஒரு யுகம்.

"நன்னா இருக்கும்மா. ஆனா தனித்தனியா எடுக்காதேங்கோ. அவர் சொல்றதைக் கேட்டுண்டுதான் என்னால பதில் சொல்ல முடியும். சேர்த்தே எடுங்கோ."

இந்தக் காலத்தில் யாரும் சேர்த்து எடுப்பதில்லை. ஒவ்வொருவரும் தனியாக வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போவார்கள், பிறகு ஒட்டிக்கொள்வோம். பாய் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "மேடம், ஒரே டிராக்ல ரெண்டு பேரும் போனா அப்பால பிரிக்க முடியாது. ஒருத்தர் தப்பு பண்ணாலும் ரெண்டு பேருக்கும் போச்சு. யோசிச்சுக்கினு சொல்லுங்க." யோசித்துவிட்டேன், போடுங்கள் என்றேன். உண்மையில் யோசிக்கவில்லை.

ஒத்திகை பார்த்தபோது புதிதாக ஒரு தொல்லை. எதிர்த்த ஜவுளிக்கடையின் ஒலிபெருக்கி. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று காலையிலிருந்து அலறிக்கொண்டிருந்தது. வரதன் சார் விம்மியபோது அது கேட்கவில்லை, அழுகைக்குப் பின்னால் தெரு மறைந்துகொண்டது. துரை தாழ்ந்த குரலில், கெட்டியாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னதும் லித்துவேனியாவுக்குப் பின்னால் சுடிதார் விலை கேட்டது. எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

பாய் எழுந்து கீழே போனார். ஆடி மாதத்தில் தி.நகரில் ஒரு கடையின் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குத் தெரியும். என்ன சொன்னாரோ, கடைக்காரருக்கு என்ன உறவு சொல்லிக் கூப்பிட்டாரோ, கால் மணி நேரத்தில் மேலே வந்து பத்து நிமிஷம் வாங்கியிருக்கிறேன் என்றார். பத்தே நிமிஷம். சந்தே திடீரென்று அடங்கியது. ரங்கநாதன் தெருப் பக்கத்திலிருந்து வரும் ஜனங்களின் காலடி கூடக் கேட்பது போல் இருந்தது.

விளக்கை அணைத்தோம். இரண்டு மைக், ஒரே டிராக். பின்னால் ஐந்து பேரும் தங்கள் அரைவட்டத்தில் நின்றார்கள். அவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. ஓலம் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். படம் ஓடியது.

துரை பேசினார். அரசரைப் புகழ்கிற முதல் வரிகளைச் சாதாரணமாகச் சொன்னார், மேசைக்கு எதிரே நிற்பவர் சொல்கிற மாதிரி. பிறகு பிள்ளைகள் பற்றிய வரி வந்தது. அதில் அவர் எதையும் சேர்க்கவில்லை, எதையும் அழுத்தவில்லை. வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து அரசர் முன்னால் வைத்தார், அவ்வளவுதான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் குரலில் ஒரு சொட்டு இல்லை.

அவர் மண்டியிட வேண்டிய இடம் வந்தது. மைக் உயரத்துக்காக அவர் நின்றே இருந்தார். ஆனால் பின்னால் இருந்த ஐந்து பேரும், நான் கை காட்டாமலே, ஒருவர் பின் ஒருவராக முழங்காலில் இறங்கினார்கள். பலகைத் தரையில் முழங்கால் படுகிற சத்தம். பத்து முழங்கால்கள், ஒரே நேரத்தில் இல்லாமல், கொஞ்சம் முன்னும் பின்னுமாக. அதன் மேல் துணி உரசல், ஒரு பெருமூச்சு. இதுவரை நான் கேட்ட எந்தக் கும்பல் சத்தமும் அவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. அறைக்குள் ஒரு நாடே இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. பாய் இரண்டு கையையும் பொத்தான்களிலிருந்து எடுத்துவிட்டார்.

அடுத்து அரசர் பேச வேண்டும். நான் விரலை உயர்த்தினேன். வரதன் சார் என்னைப் பார்க்கவே இல்லை. துரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு விநாடி, இரண்டு, மூன்று. முப்பது வருஷத்தில் அவர் ஒரு தடவை கூட இடம் தவறியதில்லை. பிறகு மெதுவாக, ராஜாக் குரலே இல்லாமல், எழுந்திருங்கள் என்று சொன்னார். படத்தில் அந்த வார்த்தை தாண்டிப் போய்விட்டிருந்தது.

மூணு செகண்டு லேட்டு என்றார் பாய், மெல்லிய குரலில். இன்னொரு டேக் எடுக்கக் கடைக்காரர் கொடுத்த நேரத்தில் பாக்கி இருந்தது. திரையைப் பார்த்தேன். அரசர் ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறார், முதுகுதான் தெரிகிறது, வாய் தெரியவில்லை. அந்த மூன்று விநாடியில் பாதி நாட்டை வெட்டி எடுத்த ஒரு மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. போதும், இதுவே இருக்கட்டும் என்றேன். இருபத்தெட்டு வருஷத்தில் சரியாக எடுத்த முடிவு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். சற்று நேரத்தில் எதிர்க்கடை மறுபடி ஒன்றுக்கு ஒன்று இலவசம் என்று கத்த ஆரம்பித்தது.

நான் உள்ளே போய்த் துரையிடம் மன்னிப்புக் கேட்டேன். எல்லோருக்கும் கேட்கத் திட்டினேன், எல்லோருக்கும் கேட்கத்தான் மன்னிப்பும் கேட்டேன். அவர் கூச்சப்பட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிட்டார். ஐந்தே முக்காலுக்கு ஃபைல் மும்பை போனது.

இரண்டு நாளில் சேனலிலிருந்து கூப்பிட்டார்கள். மண்டியிடும் சத்தத்தை எந்த ஒலித் தொகுப்பிலிருந்து எடுத்தீர்கள், எங்களுக்கும் வேண்டும் என்றார்கள். எங்கிருந்தும் எடுக்கவில்லை, ஐந்து பேர் மண்டியிட்டார்கள் என்றேன். கம்ப்யூட்டரில் அவர்களும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஒரு குரலை நூறாக்க முடிந்தது. பத்து முழங்கால் வெவ்வேறு வயதில், வெவ்வேறு வலியோடு தரையைத் தொடுவதை அதனிடம் கேட்டு வாங்க முடியவில்லை.

கடைசியில் ஒரு காகிதம் வந்தது. பெரிய காட்சிகளுக்கு ஆறு பேரையும் கூப்பிடுவார்கள். மற்ற காட்சிகளுக்கு, அவர்கள் கொடுத்த சத்தங்களைச் சேமித்து வைத்துக் கம்ப்யூட்டரே பயன்படுத்திக்கொள்ளும். சம்மதம் என்று ஆறு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். வேலையில் பெரும்பகுதி போய்விட்டது, கொஞ்சம் மிஞ்சியது. போட்டுவிடுங்கள், இதுவாவது கிடைத்ததே என்று நானும் சொன்னேன். மற்ற ஐந்து பேரும் துரையைப் பார்த்தார்கள்.

துரை அந்தக் காகிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னார். ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, சத்தம் எங்கே போனாலும் ஆறு பேருடைய பெயரும் கடைசியில் வர வேண்டும், அதுவும் சேர்ந்தாற்போல் வர வேண்டும் என்றார். நியாயம்தான், நான் அவர்களிடம் பேசி வாங்கித் தருகிறேன், இப்போது கையெழுத்துப் போடுங்கள் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "மேடம், அந்த ஆளு எழுந்திரிச்சதும் இன்னா பண்ணான், பாத்தீங்கல்ல? பேப்பர மறுபடி படிங்கன்னான். நான் அன்னிக்கு வாய்ல கேட்டேன். இப்போ பேப்பர்ல கேக்குறேன்."

படத்தில் அப்படி ஒரு நொடி உண்டு. முழங்காலில் தூசு தட்டிக்கொண்டே அந்தப் பிரபு எழுத்தரிடம் ஏதோ சொல்கிறார், எழுத்தர் சுருளை மீண்டும் விரிக்கிறார். வசனம் இல்லாத இடம் என்பதால் நான் பத்து தடவை பார்த்தும் கவனிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போய் அந்த ஒப்பந்தத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அரசர் ஒருவர், சபை ஒன்று. ஆனால் லித்துவேனியாவுக்குத் தனிக் கஜானா, தனிப்படை, தனிச் சட்டம், தன் பெயர். மாகாணங்கள் திரும்பி வரவில்லை. எழுத்தில் இருந்ததோ ஏறக்குறைய கடைசி வரை நின்றது. இருநூறு வருஷத்துக்கு மேல் இரண்டு நாடும் ஒரே அரசாக இருந்தன. பிறகு பக்கத்து வல்லரசுகள் மூன்று வந்து இரண்டையும் சேர்த்தே பங்கு போட்டுக்கொண்டன. முழங்காலில் நின்றவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று எவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறார்கள் என்று நினைத்து ஒரு பகல் முழுக்க வேலையே ஓடவில்லை.

நான் காகிதத்தைத் திருப்பி அனுப்பினேன். பெயர் பற்றிய வரி உள்ளே வராமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள், நானும் போடச் சொல்ல மாட்டேன் என்று எழுதினேன். ஒரு வாரம் இழுத்தார்கள். கும்பலுக்கெல்லாம் பெயர் போடும் வழக்கம் இல்லை என்றார்கள். என் தொண்டையின் புகழ் மும்பை வரைக்கும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வரி உள்ளே வந்தது. ஆறு பேரும் ஸ்டுடியோ மேசையில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். துரையின் கையைப் பார்த்தேன். அசையவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது அதிகமில்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். பின்வரிசையில் ஒருவர் வாய் திறக்கவில்லை என்றால், திட்டுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். உங்கள் குரலைக் கொடுக்கச் சொல்லியும் ஒரு நாள் காகிதம் வரும், எனக்குத் தெரிந்து சீக்கிரமே வரும். அப்போது என்னை மாதிரி யாராவது பக்கத்தில் நின்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்த எபிசோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒளிபரப்பானது. வீட்டில் தனியாகப் பார்த்தேன். முடிவில் பெயர்கள் ஓடின, எறும்பு மாதிரி சின்ன எழுத்து. ரிமோட்டில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய்ப் படித்தேன். ஆறு பெயரும் ஒரே வரியில் இருந்தன. துரைக்குப் போன் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். பின்னால் பலபேர் பேசுகிற சத்தம் கேட்டது. ஒன்பது பிளாக்கிலிருந்தும் அவர் வீட்டுக்கு வந்திருந்தார்களாம்.

"பாத்தோம் மேடம்" என்றார். முதல் தடவையாக அவர் குரலில் ஈரம் இருந்தது. "ஆறு பேரும் பக்கத்துல பக்கத்துல கீறோம்."